மின்மினிகளை இகழாதீர்!

மூன்றாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்

அழகை விரும்பாத உள்ளம் உண்டோ? குடிநீர் வைக்க ஒரு பானை போதும். ஆனால் அந்தப் பானையை வனைந்தவன் அதன் கழுத்தைச் சுற்றி ஒரு கோடு கீறினான். கோட்டுக்கு மேல் வரிசையாகச் சில புள்ளிகளையும் குத்தினான். அந்தக் கோட்டினால் தண்ணீர் குளிர்ந்ததும் இல்லை. அந்தப் புள்ளியினால் பானையின் ஆயுள் நீண்டதும் இல்லை. ஆயினும் அவன் கீறினான். 'இது என் கையால் ஆனது' என்று சொல்லாமல் சொல்ல அவனுக்கு அந்த ஒரு கோடு தேவைப்பட்டது. தேவைக்காகப் பொருள் செய்கிறோம். தேவை தீர்ந்த பின்னும் ஒரு கோடு கூடுதலாகப் போடுகிறோமே, அங்கேதான் மனிதன் தெரிகிறான்.

அந்தக் கூடுதல் கோட்டைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். ஆனால் பானையின் மேல் இட்ட கோடு அன்று; கணிப்பொறித் திரையின் மேல் இட்ட கோடு.

கடந்த பருவத்தில் எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி ஒரு வலைப்பக்கம் அமைக்க வேண்டும் என்று பயிற்சி தரப்பட்டது. பெயர், ஊர், படித்த பள்ளி, விருப்பங்கள் - இவ்வளவே. நாற்பது பேரும் நாற்பது பக்கம் செய்தோம். முப்பத்தொன்பது பக்கங்கள் ஒரே அச்சில் அறுத்த செங்கற்களாக இருந்தன. ஒரு தோழியின் பக்கத்தில் மட்டும் பெயருக்கு அருகே சிறியதோர் அகல் விளக்கு, சுடர் அசைய எரிந்துகொண்டிருந்தது. அதைக் கண்ட ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, கல்யாணப் பந்தலுக்குச் சீரியல் செட் போட்டாற்போல் இருக்கிறதே!" என்றார். அவர் நல்லவர், மனத்தில் எதையும் வைத்துக்கொண்டு சொன்னவரல்லர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் பார்த்தபோது அந்த விளக்கு அங்கே இல்லை. நாற்பதாவது செங்கல்லும் அடுக்கப்பட்டுவிட்டது!

அன்று சிரித்த குற்றத்திற்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

மின்மினி என்பது யாது?

தனி மனிதர்கள் தம் வலைப்பக்கத்தை அழகுபடுத்திக்கொள்ளச் செய்யும் அசையும் சிறு படங்கள் பல வகைப்படும். சுழலும் உலக உருண்டை, கொழுந்துவிட்டு எரியும் தீ, வாலாட்டும் பூனை, ஓரத்துப் புள்ளிகள் மினுங்கும் பெயர்ப் பட்டை என்று சொல்லிக்கொண்டே போகலாம். கடைசியாகச் சொன்ன பட்டைக்கு ஆங்கிலத்தில் பிளிங்கி என்று செல்லப் பெயர். நான் அதை மின்மினி என்றே அழைக்கிறேன். அணைந்து அணைந்து எரிவது அதன் இயல்பு; உருவில் சிறியது என்பது அதன் பெருமை.

பள்ளி நாட்களில் நோட்டுப் புத்தகத்தின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் சற்றே மாற்றி ஒரு பொம்மையை வரைவோம். தாள்களை விரலால் சரசரவென்று விட்டால் பொம்மை ஓடும். மின்மினியின் இரகசியமும் அதுவேதான். அதற்குத் துணை நிற்பது ஜிஃப் என்னும் பட வடிவம். 1987ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனம் இதை வெளியிட்டது. உருவாக்கியவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஸ்டீவ் வில்ஹைட். 1989ஆம் ஆண்டில் இவ்வடிவம் திருத்தப்பட்டது. ஒவ்வொரு படமும் திரையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை நொடியின் நூற்றில் ஒரு பங்கு அளவாகக் குறிக்கவும், ஒரு நிறத்தைக் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியச் செய்யவும் அத்திருத்தம் வழி வகுத்தது. 1990களின் நடுவில் வந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் உலாவியின் இரண்டாம் பதிப்பு, படங்களை முடிவின்றித் திரும்பத் திரும்பக் காட்டவும் கற்றுக்கொண்டது. அன்றுமுதல் திரையில் மின்மினிகள் பறக்கத் தொடங்கின.

அந்த வில்ஹைட் 2013ஆம் ஆண்டில் வாழ்நாள் சாதனைக்கான வெபி விருது பெற்றார். மேடையேறி நீண்ட உரை ஆற்றினாரா? இல்லை. தம் நன்றியுரையை ஒரு ஜிஃப் படமாகவே திரையில் ஓடவிட்டார். பெயரின் முதலெழுத்தைக் 'க'கரமாக ஒலிப்பதா, 'ஜ'கரமாக ஒலிப்பதா என்று உலகமே சண்டையிட்டுக்கொண்டிருக்க, ஜகரமே சரி என்று அந்தப் படத்தில் தீர்ப்பும் வழங்கினார். 2022ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். தாம் செய்த கருவியை மற்றவர்கள் இப்படி விளையாட்டுப் பொருளாக்கிவிட்டார்களே என்று வருந்தாமல், தாமும் கூடி விளையாடிய பெருந்தகை அவர்.

சிறு இடத்தில் பெரு முயற்சி

சிரித்த மறுவாரம் நான் அந்தத் தோழியிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "செய்து பார்த்துவிட்டுச் சிரித்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். சரி, செய்துதான் பார்ப்போமே என்று ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தேன். அப்போதுதான் எனக்கு உண்மை விளங்கியது.

மின்மினிப் பட்டையின் வழக்கமான அளவு 150 புள்ளி நீளம், 20 புள்ளி உயரம். ஆக மொத்தம் 3,000 புள்ளிகள். நம் செல்பேசி எடுக்கும் ஒரு நிழற்படத்தில் கோடிக்கு மேல் புள்ளிகள் இருக்கக்கூடும். அவற்றில் ஒன்றைக்கூட நாம் கையால் வைப்பதில்லை. இங்கோ ஒவ்வொன்றையும் நாமே வைக்க வேண்டும். விளிம்பைச் சுற்றி மட்டும் 336 புள்ளிகள். ஒன்று வெண்மை, அடுத்தது சிவப்பு என மாற்றி மாற்றி வைத்து முதல் படத்தை முடிக்க வேண்டும். இரண்டாம் படத்தில் சிவப்பு இருந்த இடத்தில் வெண்மை, வெண்மை இருந்த இடத்தில் சிவப்பு. இரண்டையும் மாறி மாறிக் காட்டினால் திருவிழாத் தோரண விளக்குப் போல் விளிம்பு ஓடுகிறது! உண்மையில் ஒரு புள்ளியும் இடம் பெயரவில்லை. ஓடுவதாகக் காண்பது நம் கண்ணே. இந்த ஒரு சிறு வித்தையில் ஓவியமும் உண்டு, கணக்கும் உண்டு, மனித மனத்தைப் பற்றிய அறிவும் உண்டு.

ஜிஃப் படத்தில் ஒரு படத்திற்கு 256 நிறங்களுக்கு மேல் இடமில்லை. மின்மினிக்கு அவ்வளவும் வேண்டியதில்லை. ஆறேழு நிறம் போதும். ஒரே புள்ளி வரிசை மீண்டும் மீண்டும் வருமாயின் அதைக் குறுகிய குறியீட்டால் சுருக்கி வைப்பது ஜிஃப்பின் வழக்கம். ஆகவே நிறம் குறையக் குறையப் படத்தின் எடையும் குறையும். இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். 1990களில் தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 28,800 பிட் வேகத்தில் இணையம் வந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். நூறு கிலோபைட் நிழற்படம் ஒன்று இறங்க ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். இரண்டு கிலோபைட் மின்மினியோ ஒரு நொடிக்குள் வந்து நின்று கண் சிமிட்டும். சிக்கனமே அங்கு அழகாயிற்று.

நான் என் முதல் மின்மினியில் 'வணக்கம்' என்று எழுத முயன்றேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஐந்து புள்ளி உயரத்தில் அடங்கிவிடும். நம் 'ண'கரம் அடங்குமா? அதன் ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஒரு வெற்றிடம் தெரிய வேண்டுமே! 'க்' என்பதற்கும் 'ம்' என்பதற்கும் தலைமேல் புள்ளி வேண்டும். எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையே ஒரு வரிசை இடைவெளியும் வேண்டும். எழுத்துக்கு ஒன்பது வரிசை, இடைவெளிக்கும் புள்ளிக்கும் இரண்டு வரிசை என்று கணக்கிட்டு, அழித்து அழித்து எழுதி முடிக்க எனக்கு மூன்று மாலைப் பொழுதுகள் ஆயின. முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது, பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் எழுதிய ணகரத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தவன்போல் உணர்ந்தேன். இது வீண் வேலையா, நண்பர்களே?

இலவச மனையில் எழுந்த ஊர்

இக்கலை எங்கே வளர்ந்தது? ஓவியக் கல்லூரிகளிலா, பெரு நிறுவனங்களின் அலுவலகங்களிலா? இல்லை. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜியோசிட்டீஸ் என்னும் தளம், கேட்பவர்க்கெல்லாம் இலவசமாக இணையத்தில் இடம் கொடுத்தது. அதை ஒரு நகரம்போல் பேட்டை பேட்டையாகப் பிரித்திருந்தார்கள். திரைப்பட விரும்பிகளுக்கு ஹாலிவுட், கணிப்பொறிப் பித்தர்களுக்குச் சிலிக்கான் வேலி, குடும்பக் கதை பேசுவோருக்கு ஹார்ட்லாண்ட் என்று பேட்டைகளுக்குப் பெயர். ஒவ்வொரு பக்கத்திற்கும் வீட்டு எண்ணும் உண்டு.

அங்கே குடியேறியவர்கள் யார்? பள்ளிப் பிள்ளைகள், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றவர்கள், தம் நாய்க்குட்டியைப் பற்றி உலகுக்குச் சொல்லத் துடித்தவர்கள். அவர்களில் பலர் எந்தப் பள்ளியிலும் ஓவியம் பயின்றவர் அல்லர். கட்டி முடியாத பக்கத்தில் மண்வெட்டும் தொழிலாளியின் படத்தை வைத்தார்கள். கடிதம் எழுதுக என்று சொல்லத் திறந்து மூடும் தபால் பெட்டியை வைத்தார்கள். மற்றவர் செய்ததை வாங்கி வைத்தார்கள். பின்னர்த் தாமே செய்யக் கற்றார்கள். செய்ததைப் பிறர்க்கு வழங்கினார்கள். வழங்குவதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. 'எடுத்துச் செல்க, ஆனால் உங்கள் இடத்தில் சேமித்து வைத்துக்கொள்க, செய்தவர் பக்கத்திற்கு ஓர் இணைப்புக் கொடுக்க' என்பதே அப்படம் செய்தவர்கள் பலர் வேண்டிக்கொண்ட நன்றி. பணம் கைமாறாத சந்தை அது!

1998ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஓவிய மாணவி டியட்ரி லகார்ட், தம் தோழியும் சகோதரியும் நடத்திய பக்கங்களைவிடத் தம் பக்கத்திற்கு அதிகம் பேரை வரவழைத்துக் காட்டுகிறேன் என்று போட்டியிட்டு ஒரு பக்கம் செய்தார். தாம் வளர்த்த வெள்ளெலியின் நினைவாக வரிசை வரிசையாக ஆடும் வெள்ளெலிப் படங்கள். பின்னே ஒரு துள்ளல் இசை. அவ்வளவுதான். அடுத்த ஆண்டிலேயே அது உலகெங்கும் புகழ் பெற்றது. விளையாட்டாகச் செய்த சிறு பொருளுக்கு உலகைத் தொடும் ஆற்றல் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

குறை கூறுவோர்க்கு

'கண்ணைக் கூசச் செய்கிறது. படிக்கவிடாமல் தடுக்கிறது' என்பது முதற் குற்றச்சாட்டு. இதில் உண்மை இல்லாமலில்லை. ஒரே பக்கத்தில் ஐம்பது படங்கள் ஆடினால் எதைத்தான் படிப்பது? மின்னல் வேகமும் தீங்கானதே. 1997ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஜப்பானியத் தொலைக்காட்சியில் போக்கிமான் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் கடுவேகத்தில் மாறி மாறி மின்ன, அறுநூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். அது தொலைக்காட்சிப் பெருந்திரை. நம் மின்மினியோ விரல் நீளம். ஆயினும் பாடம் பாடமே. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்பதும், ஐந்து நொடிக்கு மேல் தானாக அசைவதை நிறுத்திவைக்கப் படிப்பவர்க்கு வழி வேண்டும் என்பதும் இன்றைய வலை அணுக்க நெறிகள். ஒவ்வொரு படமும் அரை நொடி நிற்குமாறு செய்தால் நொடிக்கு ஒரு முறையே மின்னும். கண் தெரியாதவர்க்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் கருவி, அலங்காரப் படத்தின் மேல் தடுக்கி நிற்காதிருக்க, அதன் மாற்றுரையை வெறுமையாக விட வேண்டும். அளவோடு அணிவதும் அணிகலனின் இலக்கணமே. நகை கூடிவிட்டதென்று நகைத் தொழிலையே இகழ்வது நியாயமாகாது.

'இதெல்லாம் எடுத்து ஒட்டுவதுதானே, இதில் கலை எங்கே?' என்பது இரண்டாம் குற்றச்சாட்டு. எடுத்து ஒட்டியவர் மிகுதி, செய்தவர் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது செய்யக் கற்பதற்கான காரணமேயன்றி இகழ்வதற்கான காரணமன்று. நாங்கள் எடுத்து ஒட்டத் தேடியபோது எங்கள் கண்ணில் பட்டவை யாவும் ஆங்கிலச் சொற்கள் தாங்கியவை. 'வணக்கம்' வேண்டுமென்றால் நாமே புள்ளி வைத்தாக வேண்டும். அதுவே நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு!

'வேலைவாய்ப்புக்கு இது உதவுமா?' என்பது மூன்றாவது. உதவாது என்றே விடை கூறுகிறேன். நிறத்தின் பொருத்தமும், இடத்தின் அருமையும், அரை நொடிக்கும் கால் நொடிக்கும் உள்ள வேறுபாடும் இதில் பயிலலாம் என்று வாதாட என்னால் முடியும். ஆனால் அப்படிச் சொல்லி இதைக் காப்பாற்ற நான் விரும்பவில்லை. கல்லூரியில் மூன்றாண்டு செய்யும் அத்தனையும் வேலைக்காகவே என்றால், அந்த வாழ்வில் நமக்கென்று எஞ்சுவது எது? பானையின் கழுத்தில் கோடு கீறியவனைப் பார்த்து, 'இதனால் பானைக்கு விலை கூடுமா?' என்று கேட்பார் உண்டோ?

அழிந்ததும் மிஞ்சியதும்

மின்மினிகளின் கதையில் துயரமும் உண்டு. ஜிஃப் படத்தைச் சுருக்கும் முறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. ஜிஃப் படங்களை உருவாக்கும் மென்பொருள் செய்வோர் கட்டணம் செலுத்த வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிப்பு வந்தது. பொதுச் சாலை என்று நம்பி நடந்த பாதையில் திடீரென்று சுங்கச் சாவடி முளைத்ததுபோல் ஆயிற்று. எதிர்ப்பு எழுந்தது. காப்புரிமைத் தளையற்ற பிஎன்ஜி என்னும் புதிய பட வடிவத்தைத் தன்னார்வலர் கூடி உருவாக்கினர். 1996ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. 1999 நவம்பர் 5ஆம் நாளை ஜிஃப் எரிப்பு நாளாகவும் அறிவித்தனர். 2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கக் காப்புரிமை காலாவதியானது. அமெரிக்காவில் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

அடுத்த இடி அதனினும் பெரிது. 1999ஆம் ஆண்டில் யாஹூ நிறுவனம் 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து ஜியோசிட்டீசை வாங்கியது. பத்தே ஆண்டுகள்! 2009 அக்டோபர் 26ஆம் நாள் அந்த நகரத்தின் கதவு சாத்தப்பட்டது. ஜப்பானியப் பிரிவு மட்டும் 2019 மார்ச் இறுதிவரை உயிர் பிழைத்திருந்தது. தன்னார்வக் காப்பகத்தார் சிலர் இரவு பகலாக முயன்று இயன்ற பக்கங்களைப் படியெடுத்துக் காத்தனர். அவ்வாறு கிடைத்தவற்றிலிருந்து 2016ஆம் ஆண்டில் இண்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் மின் நூலகம், 45 இலட்சம் அசையும் படங்களைத் தேடிக் காணும் வசதியை ஏற்படுத்தியது. சொல்லைத் தட்டினால் படங்கள் கொட்டுகின்றன. பூனை என்றால் பூனை. விளக்கு என்றால் விளக்கு.

ஆனால் அப்படங்களில் பெரும்பாலானவற்றைச் செய்தவர் யார் என்று அங்கே தெரிவதில்லை. மகளின் பிறந்த நாளுக்கு மெழுகுவர்த்தி செய்த தாயின் பெயர் என்ன? இறந்த நாய்க்குச் சிறகு பூட்டிப் பறக்கவிட்ட சிறுவன் யார்? படம் இருக்கிறது, பெயர் இல்லை. வாடகை மனையில் எழுப்பிய வீட்டை உரிமையாளர் இடித்தபோது, ஓவியத்தோடு ஓவியரின் பெயரும் மண்ணாயிற்று.

இன்று நம் நிலை என்ன? பெரு நிறுவனங்களின் தளங்களில் நமக்கும் இடம் உண்டு. வட்டத்துக்குள் ஒரு முகம், அருகே ஒரு பெயர், கீழே ஒரு பொத்தான். அமைச்சருக்கும் அதே வட்டம், அடுத்த வீட்டுக்காரருக்கும் அதே வட்டம். சுவரின் நிறத்தைக்கூட நாம் மாற்ற முடியாது. இதை எளிமை என்கிறார்கள். எளிமை என்பது நாமே விரும்பி ஏற்பது. பிறர் நம்மீது சுமத்துவதற்கு வேறு பெயர் உண்டு.

நாம் செய்யத்தக்கது

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. 2013ஆம் ஆண்டில் நியோசிட்டீஸ் என்னும் தளம் பழைய நகரத்தின் நினைவாகத் தொடங்கப்பட்டு இலவசமாக இடம் தருகிறது. பழைய ஊரை நேரில் கண்டிராத இளைஞர்கள் அங்கே மீண்டும் மின்மினிகளைப் பறக்கவிடுகிறார்கள். நாமும் ஏன் கூடாது? ஜிம்ப் என்னும் இலவச மென்பொருள் ஒன்று போதும். அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகளை வரைந்து, ஜிஃப் படமாக வெளியிட்டால் ஒவ்வோர் அடுக்கும் ஓர் அசைவாகிவிடும். ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள்கள் மூன்று. ஒன்று, எடுத்து ஒட்டும் முன் ஒன்றையேனும் சொந்தக் கையால் செய்யுங்கள். அதில் நம் மொழியின் சொல் ஒன்று இருக்கட்டும். இரண்டு, பிறர் செய்ததை எடுத்தால் அவர் பெயரையும் உடன் எடுத்து வாருங்கள். மூன்று, செய்ததன் படியொன்றை உங்களிடமே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்தின் கதவும் என்றேனும் ஒருநாள் சாத்தப்படலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு வேண்டுகோள் ஒன்றே. நாற்பது செங்கற்களுக்கு நடுவே ஒரு விளக்கைக் கண்டால், 'இதை எப்படிச் செய்தாய்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சிரிப்பதற்கு ஆகும் நேரமே அதற்கும் ஆகும்.

அந்தத் தோழியின் பக்கத்தில் இப்போது மீண்டும் அகல் எரிகிறது. முன்னையது எங்கிருந்தோ எடுத்தது. இது அவரே செய்தது. நான்கு படங்கள், ஐந்து நிறங்கள். சுடர் இடப்புறம் சாய்ந்து, நிமிர்ந்து, வலப்புறம் சாய்ந்து, மீண்டும் நிமிர்கிறது. அடியில் ஒரு புள்ளி உயரத்தில் அவருடைய பெயரின் முதலெழுத்தை எழுத முயன்று, முடியாமல், ஒரே ஒரு சிவப்புப் புள்ளியை வைத்து விட்டுவிட்டார். அந்தப் புள்ளி யாருடையது என்று எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.